நாகராசு மகள் அழகம்மாள், விளம்பி வருடம்

ஒன்று குறைந்தது.

அருணா மறுபடியும் எண்ணச் சொன்னாள். கணினியின் கறுப்புத் திரை கொஞ்சமும் யோசிக்காமல் அதே எண்ணைக் காட்டியது: ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று. அட்டவணையில் இருப்பவர்களோ ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு ஃபைலாகப் பிரித்துக் கொடு என்றால் ஒரு ஆளை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, சாப்பிட்ட தயிர்சாதம் கண்ணை இழுக்கும் நேரத்தில், முடித்து அனுப்பினால் போதும் என்று உட்கார்ந்திருப்பவளுக்கு இது தேவையா?

திருக்கோகர்ணத்தில் உரக்கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. அதுதான் ரகுநாத் சாரின் டேட்டா ஆபீஸ். மூன்று மேசை, ஒரு மின்விசிறி, கீழேயிருந்து படியேறி வரும் யூரியா வாடை. மற்ற இரண்டு பேரும் லீவு. ரகுநாத் சார் கீழ ராஜவீதியில் அச்சகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அரைமணிக்கு ஒருமுறை போன் செய்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சிவராத்திரி. அன்னவாசல் பக்கத்தில் ஒரு கருப்பர் கோயிலின் பங்காளிகள் அத்தனை பேரும் அன்றைக்குக் கூடுவார்கள். ஐந்து தலைமுறையில் பிறந்தவர்கள், இருப்பவர்கள், போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு புத்தகம் போட்டு அன்று கையில் கொடுப்பதென்று கோயில் கமிட்டி முடிவு செய்து வேலையை ரகுநாத் சாரிடம் தந்திருந்தது. தந்ததற்குக் காரணமே அருணாதான். அது அவள் புகுந்த வீட்டுக் கோயில். நம்ம வீட்டுப் பிள்ளை செஞ்சா தப்பு வராது என்றார்களாம்.

எந்த இடத்தில் தப்பு வந்தது என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஃபைல்களுக்குப் பெயர் வைக்கும் முறையை அவள்தான் போட்டிருந்தாள்: அப்பா பெயர், ஆள் பெயர், வீட்டு எண், பிறந்த வருடம். நான்கும் ஒத்துப்போகிற இரண்டு பேர் இருக்கவே மாட்டார்கள் என்று நம்பினாள். ஆனால் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வீடுகளில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அப்பா பெயர் திரும்பி வருகிறது. பழைய புத்தகங்களில் பிறந்த வருடத்தைத் தமிழ் வருடமாகத்தான் எழுதியிருந்தார்கள். தமிழ் வருடமோ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயரோடு வந்து நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கமிட்டிக்காரர்கள் புதுப் படிவத்திலும் தமிழ் வருடம்தான் கேட்டார்கள். அவளும் மண்டையை மண்டையை ஆட்டினாள்.

நாகராசு மகள் அழகம்மாள். வீட்டு எண் முப்பத்தேழு. விளம்பி வருடம், ஐப்பசி மாதம்.

இப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் பிறந்தவள். அருணாவின் மாமனாருக்குத் தங்கை. ஏழு வயதில் செத்துப்போனவள். கல்யாணமாகாமல் செத்த பெண்பிள்ளை என்பதால் ஊர் வீட்டில் இன்றைக்கும் அவளை வீட்டுச்சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். இன்னொருத்தி இரண்டாயிரத்துப் பதினெட்டில் பிறந்தவள், அருணாவின் மகள். சாமி பெயர் விட்டுப்போகக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று அந்தப் பெயரையே வைத்தார்கள். சாமி பெயரைச் சொல்லித் திட்ட முடியாது, அடிக்க முடியாது. அதனால் கூப்பிடுவதற்குக் காவ்யா என்று இன்னொரு பெயர். அருணாவின் கணவன் நாகராசு கத்தாரில் இருக்கிறான். அவனுக்கு வைத்திருப்பது அவன் தாத்தாவின் பெயர். அந்தத் தாத்தா நாகராசுதான் செத்தவளைப் பெற்றவர்.

"நல்லா வச்சீங்க பேரு," என்று அருணா வாய்விட்டே சொன்னாள்.

ஒரே பெயரில் இரண்டாவது ஃபைல் வந்தால் ஏற்கெனவே இருப்பதை என்ன செய்வது என்று அந்த மென்பொருளுக்குச் சொல்லிவிடலாம். கட்டளையின் கடைசியில் ஒரு சொல் சேர்த்தால் போதும். எதுவும் சேர்க்காவிட்டால் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதிவிடும். அதற்கு ஓவர்ரைட் என்று பெயர். 'ஸ்கிப்' என்று சேர்த்தால் இருப்பதைத் தொடாமல் புதிதாக வந்ததை விட்டுவிடும். 'கீப் போத்' என்று சேர்த்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, பின்னால் வந்ததன் பெயரோடு ஒன்று என்ற எண்ணை ஒட்டிவிடும். அருணா எதையும் சேர்க்காமல் விட்டிருந்தாள். அட்டவணையில் பழைய புத்தகத்து ஆட்கள் முதலிலும் புதுப் படிவத்து ஆட்கள் கடைசியிலும் இருந்தார்கள். அப்படியானால் செத்தவளை எழுதிய இடத்தில் காவ்யா எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஃபைலைத் திறந்தாள். காவ்யா இல்லை. படம் இருக்க வேண்டிய கட்டம் காலி. ரத்த வகை காலி. படிக்கும் வகுப்பு காலி. இறப்பு என்ற இடத்தில் மட்டும் எழுத்து இருந்தது: விசுவாவசு வருடம், மாசி 1. தன் பிள்ளையின் பெயருக்கு நேரே இறப்பு என்று பார்த்ததும் அவள் சட்டென்று அதை மூடினாள். பிறகு தன் மேலேயே கோபம் வந்தது. வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான், இதற்குப் போய்ப் பயப்படுவதா?

ரகுநாத் சார் கூப்பிட்டார். "என்னம்மா, வருமா வராதா? பக்கமெல்லாம் கட்டி வச்சாச்சு, பைல் வந்து விழ வேண்டியதுதான் பாக்கி."

"ஒண்ணு இடிக்குது சார். பேரு வைக்கிற முறையை மாத்தினா சரியாயிரும்."

"அய்யய்யோ, முறையில கையை வச்சிராதீங்க. கட்டுனதெல்லாம் கலைஞ்சிரும். இருக்கிறதுக்குள்ள பாத்து முடிங்க."

இருக்கிறதுக்குள்ளே பார்த்து முடிக்க வேண்டுமாம். அவள் எல்லா ஃபைலையும் அழித்தாள். காவ்யாவின் ஒற்றை வரியை மட்டும் எடுத்துத் தனியாக ஓட்டினாள். திறந்து பார்த்தாள். முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு மகள் சிரித்தாள். ஓ பாசிட்டிவ், இரண்டாம் வகுப்பு, இறப்பு காலி. சரி. இப்போது மீதி அட்டவணை முழுவதையும் 'ஸ்கிப்' சேர்த்து ஓட்டினாள். இருப்பதைத் தொடாதே என்று இதைவிடத் தெளிவாக ஒரு இயந்திரத்திடம் சொல்ல முடியாது. அதுவும் ஒழுங்காக, ஒரு ஃபைல் விடப்பட்டது என்று பதில் சொன்னது. மணி மூன்று பத்து.

திறந்தாள். படம் காலி. ரத்த வகை காலி. விசுவாவசு வருடம், மாசி 1.

மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தட்டியதில் டம்ளர் தண்ணீர் சிந்தியது. அதைத் துடைத்துவிட்டு, ஃபைல் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தாள். மூன்று பதின்மூன்று என்றிருந்தது. அவள் ஓட்டியது மூன்று பத்துக்கு. அதற்குப் பிறகு அவள் எதையும் எழுதவில்லை. கணக்குத் தப்பாக இருக்குமோ என்று மறுபடி பார்த்தபோது மூன்று பதினான்கு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று பதினைந்து ஆனது. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று பதினாறு.

யூரியா வாடை எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அறைக்குள் இப்போது வேறு ஒரு வாடை இருந்தது. வெயிலில் காய்ந்து மூட்டை பிடிக்காமல் அம்பாரமாகக் குவித்த புது நெல்லின் வாடை, தூசியும் தவிடும் வைக்கோலும் கலந்து தொண்டையின் அடிவரைக்கும் போய் ஒட்டிக்கொள்வது, சின்ன வயதில் களத்துமேட்டில் விளையாடியவர்களுக்கு ஒரு மூச்சிலேயே தெரிந்துவிடுவது. கழுத்தைச் சுற்றி அரித்தது. நெல்லுச் சுணை பட்டது போன்ற அரிப்பு. சொறிந்த இடமெல்லாம் எரிந்தது. கீழே உரக்கடையில் யாரோ நெல் மூட்டையைப் பிரிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு, உரக்கடையில் நெல் ஏது என்று அவளே கேட்டுக்கொண்டாள். ஜன்னலை ஓங்கிச் சாத்தினாள். அரிப்பும் நிற்கவில்லை, வாடையும் போகவில்லை.

சரி, நீ அப்படியா. ஃபைலை அழித்து, மறுபடி காவ்யாவை எழுதி, இம்முறை பூட்டினாள். படிக்கலாம், எழுத முடியாது. யார் எழுத வந்தாலும் அனுமதி இல்லை. பூட்டியதும் பல்லிடுக்கில் சிக்கியது வெளியே வந்தது போல ஒரு நிம்மதி. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். இரண்டு நிமிடம்கூட ஆகாதது போலிருந்தது.

கண்ணைத் திறந்தபோது மணி நான்கு இருபது. கறுப்புத் திரையில் ஒரு வரி இருந்தது. எழுத அனுமதி மறுக்கப்பட்டது. அவள் எதையும் ஓட்டவில்லை. கீழே இன்னொரு வரி வந்தது. எழுத அனுமதி மறுக்கப்பட்டது. பின் இன்னொன்று. ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற நேரம். அந்த நேரத்தில் சிபியு பெட்டிக்குள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது; முறத்தைச் சாய்த்து தானியத்தை ஓரத்துக்குத் தள்ளும்போது வருகிற சரசரப்பு, கொஞ்சமாக, பிறகு இன்னும் கொஞ்சம், பிறகு நின்று, உள்ளேயிருந்து யாரோ கால் மாற்றி நிற்பது போல மறுபடியும்.

போன் அடித்தது. அருணா துள்ளி எழுந்தாள். கமிட்டித் தலைவர் அய்யாக்கண்ணு. மாமனாருக்குப் பங்காளி, எழுபது தாண்டியவர். தன் படம் புத்தகத்தில் பெரிதாக வர வேண்டும் என்று நான்கு நாளாக இதே பாட்டுத்தான்.

"என்னாத்தா, எம் படத்தைப் பெருசாப் போட்டாச்சா?"

"போட்டாச்சு மாமா." அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, நம்ம வீட்டுச்சாமி... அழகம்மா. அவுக எப்படிச் செத்தாக?"

அய்யாக்கண்ணு குரலைத் தணித்தார்.

"எதுக்காத்தா இப்ப அது?"

"புத்தகத்துல ஒரு வரி போடணும்," என்று பொய் சொன்னாள்.

"அதெல்லாம் போட வேணாம்." இருமினார். "கண்ணாமூச்சி வெளாண்டோம். நாந்தேன் கண்ணப் பொத்திக்கிட்டு நின்னது. ஆளாளுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி ஒளிஞ்சாக. அந்தப் புள்ள குதிருக்குள்ள எறங்கிருச்சு. தை அறுப்பு நெல்லு, குதிரு நெறைய கெடந்துச்சு. மேல மூடிய எவளோ தெரியாம இழுத்துப் போட்டுட்டா. நான் வீடு பூரா தேடுனேன்த்தா. குதிருக்குள்ள சரசரன்னு சத்தம் கேட்டுச்சு. எலின்னு நெனைச்சேன்."

அருணா சிபியு பெட்டியைப் பார்த்தாள்.

"சாயந்தரம் அஞ்சு மணிக்குக் குதிர ஒடைச்சு எடுத்தாக. வாய் பூரா நெல்லு. மாசி மொத நாளு. இன்னைக்குத்தேன். இன்னையோட அறுவது வருசமாச்சு. சரி வையி, நான் கோயிலுக்குப் போகணும்."

சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை அவள் காலையிலிருந்து ஏறிட்டும் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். விசுவாவசு வருடம், மாசி 1. மணி நான்கு முப்பத்தைந்து.

திரையில் வரிகள் இப்போது மூச்சு விடாமல் வந்துகொண்டிருந்தன. மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது. பிறகு ஒரு வரி வேறு மாதிரி வந்தது.

எழுதப்பட்டது.

திரை அமைதியானது. சரசரப்பும் நின்றது. போன் மறுபடி அடித்தது. இம்முறை பரிமளா அக்கா. மச்சுவாடியில் இவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி, கீழ் வீட்டில் இருப்பவள். பள்ளி வேனிலிருந்து தினமும் காவ்யாவை இறக்கி, அருணா வரும் வரை வைத்துக்கொள்கிறவள்.

"அருணா, வேன் வந்துட்டுப் போயிருச்சு. பிள்ளை எறங்கலையே. நீ போய்க் கூட்டிக்கிட்டியா?"

"இல்லக்கா. இல்லையே. டிரைவர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. இந்த ஸ்டாப்புல எறங்குறதுக்கு யாருமே இல்லைங்கிறான். லிஸ்ட்ட எடுத்துக் காட்டுறான், அதுல அந்தப் பேரே இல்லை. தினமும் இவன்தான் கையப் பிடிச்சு எறக்கிவிடுவான்."

பள்ளிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். வேலை நேரம் முடிந்தது என்று ஒரு பதிவு செய்த குரல் சொன்னது. செல்போனில் படங்களைத் திறந்தாள். போன ஐப்பசியில் எடுத்த பிறந்தநாள் படம். கேக் இருந்தது. மெழுகுவத்தி ஏழு இருந்தது. பின்னால் நாற்காலி இருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. அடுத்த படம், கடற்கரை. மணலில் நாகராசு மட்டும் குனிந்து, யாருக்கோ கை நீட்டிக்கொண்டு நின்றான். அடுத்தது. அடுத்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

மணி நான்கு நாற்பத்தெட்டு.

யோசி. யோசி அருணா. அழுதுகொண்டிருக்க நேரமில்லை. மேலே எழுதினால் அவள் வருகிறாள். தொடாதே என்றாலும் வருகிறாள். பூட்டினால் உடைக்கிறாள். அவளை அழித்துவிட்டால்? அழித்து அழித்துத்தானே இவ்வளவும் ஆனது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு இடம் வேண்டியிருக்கிறது. இருக்கட்டும். அவளும் இருக்கட்டும். என் பிள்ளையும் இருக்கட்டும்.

புதிதாக ஒரு காலி ஃபோல்டரில் மொத்த அட்டவணையையும் ஓட்டக் கட்டளை அடித்தாள். எழுத்துப் பிழை. அழித்து அடித்தாள். மறுபடி பிழை. கழுத்து நெருப்பாக எரிந்தது. மூன்றாவது முறை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினாள். கடைசியில் 'கீப் போத்'. என்டர்.

ஒன்றும் நடக்கவில்லை. கர்சர் விட்டு விட்டு மின்னியது. நெல் வாடை மூக்கை அடைத்தது. பிறகு எண்ணிக்கை ஓடத் தொடங்கியது. ஐந்நூறு. ஆயிரம். ஆயிரத்து நானூறு.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

அழகம்மாளின் ஃபைல் இருந்தது. அதற்குக் கீழே அதே பெயரில், கடைசியில் ஒன்று என்று ஒட்டிய இன்னொரு ஃபைல் இருந்தது. அதைத் திறந்தாள். முன்பல் இல்லாத வாய். ஓ பாசிட்டிவ். இறப்பு காலி. எழுதிய நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு ஐம்பத்து நான்கு. ஐம்பத்தைந்து ஆனது, ஐம்பத்தாறு ஆனது. ஃபைலில் நான்கு ஐம்பத்து நான்கு அப்படியே நின்றது. யூரியா வாடை படியேறி வந்தது. அந்த நாற்றத்துக்காக இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

பரிமளா அக்கா கூப்பிட்டாள். "வந்துட்டாடி. வேன்காரனே திரும்பி வந்து எறக்கிவிட்டுட்டுப் போறான். பின்சீட்டுல தூங்கியிருக்கா, பாக்காம விட்டுட்டானாம். லிஸ்ட்டுலயும் பேரு இருக்காம். நல்லா நாலு கேள்வி கேட்டு அனுப்பினேன்."

அருணா தலையை மேசையில் வைத்து அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, மொத்த ஃபைலையும் கட்டி ரகுநாத் சாருக்கு அனுப்பினாள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று ஒரு செய்தியும் போட்டாள். அந்த ஒன்று ஒட்டிய ஃபைலைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை விளக்க வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். இன்னும் ஒரு நிமிடம் அந்த அறைக்குள் இருக்க அவளால் முடியாது.

மச்சுவாடி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவில் கரண்ட் இல்லை. பரிமளா அக்கா வாசலில் காவ்யா யூனிபார்மோடு உட்கார்ந்து, முன்பல் இல்லாததால் கடைவாயில் வைத்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். அருணா வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் சாய்த்துவிட்டு ஓடி அவளைக் கட்டிக்கொண்டாள். தலையில் தேங்காய் எண்ணெய் வாடை. சட்டையில் சாக்பீஸ் வாடை. முறுக்குத் தூள். வேறு எந்த வாடையும் இல்லை. நன்றாக மோந்து பார்த்தாள்.

"விடும்மா, கூசுது," என்றாள் காவ்யா.

"வா, மேல போவோம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். சின்னக் கை, சூடாக, முறுக்கு எண்ணெயில் பிசுபிசுத்தது. காலையில் பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது. திறந்தாள். பகல் முழுவதும் அடைத்துக் கிடந்த வீட்டின் வெக்கை முகத்தில் அடித்தது. உள்ளே பாதி இருட்டு. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது.

வாடை.

அருணா நின்றாள். ஒரு கால் உள்ளே. ஒரு கால் வெளியே.

கூடத்தின் மூலையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சுவரைப் பார்த்து. இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு. சின்ன உருவம். அதே யூனிபார்ம். அதே இரட்டைப் பின்னல். கழுத்தில் அதே அடையாள அட்டை. தலையிலும் தோளிலும் தூசி.

"அம்மா," என்று காவ்யா மெதுவாகக் கேட்டாள். "அது யாரும்மா?"

அது திரும்பியது. கையை எடுத்தது. காவ்யாவின் முகம். காவ்யாவின் புருவம். நெற்றியில் காவ்யா கட்டிலில் முட்டிக்கொண்ட தழும்பு. உதட்டை மட்டும் இறுக்கி மூடியிருந்தது.

இரண்டு பேரும் இருக்கட்டும் என்று அவள்தான் சொன்னாள்.

ஓட வேண்டும். மகளின் கையை இன்னும் இறுக்கினாள். கைப்பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ரகுநாத் சாராகத்தான் இருக்கும். சொல்ல வேண்டும். சொல்லவில்லையே. இடது கையால் துழாவி எடுத்தாள்.

"அருணாம்மா, நல்ல வேலை பண்ணீங்க. ஒரே ஒரு சின்ன தப்பு. ஒரு பேரு ரெண்டு தடவை வந்திருந்துச்சு. அதே அப்பா பேரு, அதே வீடு, அதே வருசம்."

"சார், அது தப்பில்ல, அதை எடுத்திராதீங்க, சார்..."

"டூப்ளிகேட்டுன்னு பாத்தாலே தெரியுதே. கடைசில ஒண்ணுன்னு வேற போட்டிருக்கு. நானே எடுத்துட்டேன், ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்? பிரிண்ட் ஓடிக்கிட்டிருக்கு."

கைக்குள் கை இல்லை.

கனம் இல்லை. சூடு இல்லை. மூடிய விரல்களுக்குள் ஏதோ உறுத்தியது. அருணா பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. விரலைத் திறந்தாள். ஒரு பிடி நெல். இடுக்கு வழியாகச் சொரிந்து படிக்கட்டில் விழுந்தது. சரசரவென்று.

"காவ்யா," என்றாள்.

மூலையில் இருந்தது எழுந்தது. பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டது. மெல்ல நடந்து வந்து, அருணாவின் திறந்த உள்ளங்கைக்குள் தன் கையை வைத்தது. உலர்ந்த கை.

கீழேயிருந்து பரிமளா அக்காவின் குரல் கேட்டது, எப்போதும் கூப்பிடுவது போலச் சாதாரணமாக.

"அழகம்மா, முறுக்க வச்சுட்டுப் போயிட்ட பாரு. வந்து எடுத்துக்க."

பரிமளா அக்கா ஒரு நாளும் பிள்ளையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பிள்ளை அருணாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தது. நாக்கு இல்லை, பல் இல்லை. உள்ளே இருட்டுக்குக்கூட இடமில்லாமல் உதடு வரைக்கும் நெல் தலைதட்டி நிறைந்திருந்தது. அந்த நெல்லுக்குப் பின்னாலிருந்து, ஆழத்தில், மூச்சுத் திணற, காவ்யாவின் குரல் அம்மா என்று கூப்பிட்டது.